ஒரு டம்ளர் திராட்சை

திருமேனிநாதன் மடத்தில் வந்து சேர்ந்தபோது அவருக்கு அறுபத்தெட்டு வயது. குருவான அங்கயற்கண்ணி அம்மையார் அவரைவிடப் பதினெட்டு வயது இளையவர். மனைவி கோமளவல்லி போன பிறகு வீட்டில் தன் இருமலைத் தானே கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை என்றார்.

மனைவியின் முதல் வருஷத் திதி வந்தது. அன்று காலை மடத்துச் சமையலறையில் பஞ்சாமிர்தம் செய்ய உட்கார்ந்தார். கோமளவல்லி எழுதி வைத்திருந்த நோட்டு, அவள் பெயர் பொறித்த எவர்சில்வர் டம்ளர், இரண்டும் எதிரே இருந்தன. வாழைப்பழத்தைப் பிசைந்துவிட்டார். அதோடு கை நின்றுவிட்டது.

அந்தப் பக்கம் வந்த அம்மையார், "என்ன ஐயா?" என்றார்.

"ஒரு டம்ளர் உலர் திராட்சைன்னு எழுதியிருக்கா. இந்த வாரம் நாலு தடவை செஞ்சு பார்த்துட்டேன். நாலு தடவையும் நாலு ருசி. இந்த டம்ளரை நம்ப முடியலைம்மா. எத்தனை கிராம்னு சொல்லுங்க, எடை போட்டுப் போட்டுடறேன்."

முப்பது வருஷம் நிலம் அளந்த சர்வேயர் அவர். அரை அடி தவறினாலும் திரும்பப் போய் அளப்பவர்.

அம்மையார் தராசை இழுத்து வைத்தார். டம்ளரில் திராட்சையை மெதுவாகச் சரித்து நிரப்பினார். அதைத் தராசில் கொட்டினார்.

"படிங்க."

"நூற்றுப் பதினெட்டு."

மறுபடி நிரப்பினார். இந்தத் தடவை டம்ளரைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டி, இறங்கிய இடத்தில் இன்னும் கொஞ்சம் போட்டார்.

"நூற்று முப்பத்தாறு."

மூன்றாவது தடவை கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி அடைத்தார்.

"நூற்று அறுபத்தொண்ணு." திருமேனிநாதனின் குரல் இறங்கிவிட்டது. "இதுல அவளோடது எதும்மா?"

"அவங்க எப்படி அள்ளுவாங்க?"

அவர் யோசித்தார். அவள் முகம் வந்தது. ஈரக் கையைப் புடவையில் துடைப்பது வந்தது. பஞ்சாமிர்தக் கிண்ணத்தை நீட்டும் கை வந்தது. அள்ளும் கை வரவில்லை.

"தெரியலை. நான் முன்ரூம்ல பேப்பர் படிச்சிட்டிருப்பேன்."

"ஒரு தடவைகூட உள்ளே போனதில்லையா?"

"தண்ணி வேணும்னாலும் கூப்பிடுவேன். கொண்டு வந்து குடுப்பா."

அம்மையார் டம்ளரை அவரிடம் நீட்டினார். அவர் வாங்கித் திராட்சையில் அமிழ்த்தி அள்ளினார். பத்துப் பன்னிரண்டு கீழே சிந்தின. மிச்சத்தைத் தராசில் கொட்டினார்.

"நூற்று நாற்பத்திரண்டு" என்றார். பிறகு நிமிர்ந்து, "இது அவ அளவு இல்லையேம்மா" என்றார்.

"இல்லைதான். அது இனிமே தெரியாது ஐயா. பிசைஞ்ச பழம் கறுக்குது, போடுங்க."