நன்றாக வளர்ந்த தட்டு

டாக்டர் சிதம்பரதாணுவுக்குச் சில நாட்களாகச் சோறு தொண்டையில் இறங்கவில்லை. காரணம், அவருடைய செல்கள் மிக நன்றாக வளர்ந்திருந்தன.

எந்தத் திசுவாகவும் மாறக்கூடிய ஸ்டெம் செல்லிலிருந்து கருவிழிப் படலத்தை வளர்த்து, பார்வை போனவர்களுக்குப் பொருத்தலாம் என்று முதலில் செய்து காட்டியவர் அவர். ஏழாம் வகுப்புப் பாடத்தில் அவர் படம் இருக்கிறது. ரயிலில் போனால் யாராவது வந்து காலைத் தொடுகிறார்கள். முதலில் காலைப் பின்னால் இழுத்துக்கொள்வார். அந்தப் பழக்கம் எப்போது விட்டுப்போனது என்று அவருக்கே தெரியாது.

மறுநாள் காலை மாடத்திக்கு அறுவை சிகிச்சை. வெள்ளையடிக்கப் போன இடத்தில் சுண்ணாம்பு தெறித்துக் கண் வெந்துபோனவள். வலது கண் முழுக்கப் போய்விட்டது. இடது கண்ணில் வெளிச்சமும் நிழலும் மட்டும் மிச்சம். அந்தக் கண்ணில்தான் பொருத்தப் போகிறார்கள். அமைச்சர் வருகிறார். டிவியில் நேரலை.

மாடத்தியின் தோலிலிருந்து எடுத்த செல்லை ஸ்டெம் செல்லாக மாற்றி வளர்த்தார்கள். ஒரு வாரத்தில் செல் நிறைய வேண்டிய கண்ணாடித் தட்டு நாலே நாளில் நிறைந்துவிட்டது. ஆய்வகத்துப் பிள்ளைகள் கைதட்டினார்கள். தாணுவும் தட்டினார்.

அவசரமாக வளரும் செல்லில் குரோமோசோம் கெட்டிருக்கலாம். பின்னால் கண்ணில் புற்றுக் கட்டியாகலாம். இதை அவரே எத்தனையோ மேடைகளில் சொல்லியிருக்கிறார். உறுதி செய்துகொள்ளப் பரிசோதனை உண்டு. இரண்டு வாரம் பிடிக்கும். விழாத் தேதியோ முன்பே குறித்தாகிவிட்டது.

அன்று மத்தியானம், அதே செல்கள் வளர்ந்த இன்னொரு தட்டைச் சூடு காக்கும் பெட்டியில் வைத்து, மடியில் ஏந்திக்கொண்டு பாளையங்கோட்டைக்குக் காரில் வந்தார். அங்கே ஒரு கல்லூரியில் பேராசிரியை எமிலி ஞானதீபம் ஆய்வகம் நடத்திக்கொண்டிருந்தார். தாணுவைவிடச் சில வயதுதான் மூத்தவர். ஆனால் செல் வளர்க்கக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான்.

வழியெல்லாம் தாணுவுக்கு ஒரே யோசனை. எமிலி ‘வேண்டாம்’ என்றால் பழியை அவர்மேல் போடலாம். ‘செய்’ என்றால் பாவத்தில் பாதி அவருக்குப் போகும். இரண்டில் எதற்காகப் போகிறோம்? அதற்குள் கார் கல்லூரி வாசலில் நின்றுவிட்டது.

“வாங்க டாக்டர். மாலை போட ஆள் வைக்கலன்னு கோவிச்சுக்காதீங்க.”

“மேடம், நீங்களுமா?”

“பின்னே? பஸ் ஸ்டாண்டு போஸ்டர்ல உன் மூக்கே என் ரூம் கதவு அகலம் இருக்கு. சாப்பிட்டியா?”

“பசியில்ல.”

“பார்த்தாலே தெரியுது. பெட்டியில என்ன?”

“ஒரு தட்டு. நீங்க ஒரு தடவை பார்த்துச் சொல்லணும்.”

எமிலி கையுறை மாட்டிக்கொண்டு, தட்டை நுண்ணோக்கியின் அடியில் வைத்துக் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை. தாணு ஜன்னலைப் பார்த்தார். பிறகு அவருடைய முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“எப்படி இருக்கு மேடம்?”

“அழகா இருக்கு. எத்தனை நாள்ல?”

“நாலு.”

எமிலி மறுபடியும் குனிந்து பார்த்தார்.

“புது ஊட்டக் கரைசல் மாத்தினோம். அதனாலயும் இருக்கலாம். பிள்ளைங்களுக்கும் கை பழகிடுச்சு. அதனாலயும் இருக்கலாம்.”

“இருக்கலாம். டெஸ்டுக்குக் கொடுத்தியா?”

“நேரமில்ல மேடம்.”

தாணுவின் போன் அடித்தது. அமைச்சரின் உதவியாளர். “சார், ஆபரேஷனுக்கு முந்தி அந்தம்மாவை ரெண்டு நிமிஷம் மேடையில ஏத்துறோம். நல்ல சேலையா கட்டிட்டு வரச் சொல்லுங்க.” அறை முழுக்கக் கேட்டது. தாணு சரி என்று சொல்லி வைத்தார்.

“நாளைக்கு நிறுத்தினா என்ன பேசுவாங்க தெரியுமா மேடம்? முதல்லேருந்தே எல்லாம் பொய்தான்னுவாங்க. இன்னும் எத்தனை மாடத்தி காத்துட்டிருக்காங்க! எல்லாருக்கும் சேர்த்துக் கதவை அடைச்ச மாதிரி ஆயிடும். பயப்படாம போன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்.”

“அந்தப் பொண்ணு என்ன சொல்றா?”

“மாடத்தியா? ஒண்ணுமே கேக்கல. நீங்க சொன்னா சரிதான் ஐயான்னுட்டா.”

எமிலி தலையசைத்தார். நுண்ணோக்கியிலிருந்து தட்டை எடுத்து மேசைமேல் வைத்து, மூடியைத் திறந்தார். வேண்டாத செல்களைக் கொல்வதற்காக அங்கே ஒரு ப்ளீச்சிங் திரவ பாட்டில் இருந்தது. அதை எடுத்துத் திருகித் திறந்து, தட்டின்மேல் சாய்க்கப் போனார்.

தாணு பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

“என்ன பண்றீங்க மேடம்! நல்லதோ கெட்டதோ, சோதிச்சுப் பார்க்காம எப்படி?”

எமிலி இன்னொரு கையால் பாட்டிலை வாங்கிக் கீழே வைத்தார். பிடித்த கையை உதறவில்லை.

“நானும் அதைத்தான் கேக்கறேன், தாணு.”