நல்ல வார்த்தை

"ஒரு நல்ல வார்த்தை சொன்னா குறைஞ்சா போயிருவீங்க, டீச்சர்?"

கேட்டவர் பொன்னுலிங்கம். சீடர். வயது நாற்பத்தாறு.

கேட்கப்பட்டவர் ஜெபமணி. குரு. வயது முப்பத்து மூன்று.

குரு என்றதும் தாடியையும் ஆலமரத்தையும் தேடுகிறவர்கள் வேறு கதைக்குப் போகலாம். இவருடைய ஆசிரமம் ஒரு டயர் கடைக்கு மேலே மாடியில் இருந்தது. இரண்டு அறை, நான்கு கம்ப்யூட்டர், சத்தம் போடும் ஒரு மின்விசிறி.

"ஒரு வார்த்தைதான?" என்றார் குரு.

"ஆமா, ஒண்ணே ஒண்ணு."

"இல்லை."

சொல்லிவிட்டு டீயைக் குடித்தார்.

பொன்னுலிங்கத்துக்கு முகம் சுருங்கிவிட்டது. பாராட்டு கிடைக்கவில்லை என்பது ஒன்று. அந்தச் சொல் இன்னொன்று.

அவர் மளிகைக் கடை வீட்டில் பிறந்தவர். அந்த வீட்டில் 'இல்லை' என்று யாரும் சொல்லமாட்டார்கள். அடுப்படியில் உப்பு தீர்ந்தால் "உப்பு நிறைஞ்சிருக்கு" என்பார்கள். கடையில் பெருங்காயம் தீர்ந்தால் "நாளைக்கு வந்திரும்" என்பார்கள். இருபது வருடம் அவரும் அப்படித்தான் சொல்லி வியாபாரம் செய்தார். ஊருக்கே அவர் அண்ணாச்சி.

பிறகு ஆசை யாரை விட்டது. ஜெபமணியின் சாயங்கால கம்ப்யூட்டர் வகுப்பில் போய் உட்கார்ந்தார். கடையை மனைவி தங்கபுஷ்பம் பார்த்துக்கொண்டார்.

குருவும் சீடருமாகச் சேர்ந்து மூன்று வருடத்தில் ஒரு சேவையை உருவாக்கினார்கள். சுற்றுவட்டாரத்தில் எந்தச் சுகாதார நிலையத்தில், ஆஸ்பத்திரியில் எந்த மருந்து எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும் சேவை. மொபைல் ஆப் எழுதுகிறவர்களுக்காகச் செய்தது. ஆம்புலன்ஸ் ஆப் கேட்கும், டாக்டர் ஆப் கேட்கும், இது பதில் சொல்லும்.

தினமும் காலையில் நர்சுகள் இருப்பை அனுப்புவார்கள். ஒருவர் டைப் செய்து அனுப்புவார். ஒருவர் பேசி அனுப்புவார். ஒருவர் நோட்டைப் போட்டோ எடுத்து, அதையும் தலைகீழாக அனுப்புவார். எல்லாவற்றையும் படித்துப் பட்டியலாக்க பொன்னுலிங்கம் ஓர் ஏஐயைப் பழக்கியிருந்தார். அது நன்றாகவே படித்தது. அவர் பெருமைப்பட்டதில் தப்பே கிடையாது.

தப்பு அதற்கு அடுத்ததில்தான்.

சில நிலையங்களிலிருந்து சில நாள் தகவல் வராது. பட்டியலில் அந்த இடம் காலியாக இருக்கும். ஆப் கேட்டால் வெறும் பதில் போகும். மளிகைக் கடை மனசுக்கு இது பொறுக்கவில்லை. ஏஐக்குப் போட்டிருந்த கட்டுப்பாடுகளை எல்லாம் எடுத்துவிட்டார்.

"காலியா இருந்தா நீயே யோசிச்சுச் சொல்லு. யாரு எதைக் கேட்டாலும் இல்லைன்னு மட்டும் சொல்லாதே" என்று எழுதிக் கொடுத்தார்.

அது அப்படியே கேட்டுக்கொண்டது.

வரும் திங்கட்கிழமை பதினோரு ஆப்கள் இந்தச் சேவையில் இணையப் போகின்றன. இரண்டு பேரும் ஒப்புதல் கொடுத்தால்தான் திறக்கும். பொன்னுலிங்கம் கொடுத்துவிட்டார். குரு நான்கு நாளாக டீ குடித்துக்கொண்டிருக்கிறார்.

"எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லுது, டீச்சர். ஒண்ணுல கூட முழிக்கல. இதுல என்ன குறை கண்டீங்க?"

குரு கிளாஸைக் கீழே வைத்தார்.

"அண்ணாச்சி, செருப்பைக் கழட்டுங்க."

கழற்றினார்.

பரீட்சைத்தாள் திருத்தும் சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு குரு தரையில் உட்கார்ந்தார்.

"ஐயையோ, என்ன டீச்சர், காலைத் தொட்டுக்கிட்டு!"

"ஆடாதீங்க."

வலது பாதத்தின் மேல் அருகருகே இரண்டு புள்ளி வைத்தார்.

"உங்களைப் பாம்பு கடிச்சிருக்கு."

"என்ன பாம்பு?"

"நல்லது வேணும்னு கேட்டீங்கல்லா. நல்ல பாம்பு."

பொன்னுலிங்கம் சிரித்தார். குரு சிரிக்கவில்லை.

"மருந்து எங்க இருக்குன்னு உங்க மெஷினைக் கேளுங்க."

கேட்டார். கண் மூடித் திறப்பதற்குள் பதில் வந்தது. குருவுக்கும் தெரியும்படி திரையைத் திருப்பி வைத்து, சத்தமாகவே வாசித்தார்.

"கருங்காவிளை ஆரம்ப சுகாதார நிலையம். பாம்புக்கடி மருந்து, பன்னிரண்டு குப்பி."

"கிளம்புங்க."

"எங்க?"

"கருங்காவிளைக்குத்தான். கடிபட்டவரு இங்க உக்காந்து என்ன செய்யப் போறீங்க?"

நல்ல வெயில். பழைய மொபெட். முக்கால் மணி நேரம் ஆனது.

கருங்காவிளையில் நர்சம்மா கர்ப்பிணிகளுக்கு மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தார்.

"பாம்புக்கடி மருந்து பன்னிரண்டு குப்பி இருக்குல்லாம்மா?" என்றார் பொன்னுலிங்கம்.

"பன்னிரண்டா? அதைக் கண்ணால பாத்தே மூணு வாரமாச்சு."

"மூணு வாரமா? எங்களுக்கு நீங்க அதைப் பத்தி ஒண்ணும் அனுப்பலையே."

நர்சம்மா மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இருக்கிறதை எல்லாம் அனுப்பிட்டுத்தானண்ணே இருக்கேன். இல்லைன்னு எப்படி எழுதி அனுப்ப? நாளைக்கு வந்திரும் நாளைக்கு வந்திரும்னு விட்டுட்டேன்."

பொன்னுலிங்கத்துக்கு அந்த வாக்கியத்தை நன்றாகத் தெரியும். அவருடைய கடை வாக்கியம்தான்.

ஏஐ என்ன செய்திருக்கும் என்பதும் புரிந்தது. காலி இடத்தைப் பார்த்திருக்கிறது. அக்கம்பக்கத்து நிலையங்களில் பத்து, பதினான்கு என்று இருந்திருக்கிறது. பன்னிரண்டு என்று போட்டுவிட்டது. அவர் சொல்லிக் கொடுத்தபடியே.

"அய்யோ, காலுல என்னண்ணே சிவப்பா?"

"பேனாம்மா."

"பேனாவா?"

"பாம்புன்னு வச்சுக்கிடுங்க. இப்ப நான் எங்க போகணும்?"

அவர் முகத்தைப் பார்த்த நர்சம்மாவுக்கு அது விளையாட்டாகத் தெரியவில்லை.

"தாலுகா ஆஸ்பத்திரிதான். வந்த வழியே திரும்பிப் போகணும். ஒரு மணி நேரம் ஆயிரும்."

பொன்னுலிங்கம் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். வெகுநேரம் பாதத்தையே பார்த்தார். வியர்வையில் ஒரு புள்ளி லேசாகக் கலைந்திருந்தது.

மாடிப்படி ஏறி வந்தபோது குரு திரும்பிப் பார்க்கவில்லை.

"வந்துட்டீங்களா, அண்ணாச்சி?"

"வரல, டீச்சர். வழியிலேயே செத்துட்டேன்."

அப்போதுதான் குரு திரும்பினார்.

"அப்ப இந்த ஏஐயைத் தூக்கிப் போட்டுருவோமா?" என்றார் குரு.

பொன்னுலிங்கம் உடனே பதில் சொல்லவில்லை. முதல் தடவையாக உடனே சொல்லவில்லை.

"வேண்டாம். நாப்பது நர்சோட கையெழுத்தை அது இல்லாம யாரு படிப்பா? எனக்குக் கண்ணு போயிரும். படிக்கதுக்கு அது வேணும். அவுத்து விட்டது நான்தான்."

குரு தன் நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

மூன்று நாள் வேலை நடந்தது. நர்ஸ் அனுப்பியதை மட்டும்தான் ஏஐ சொல்லலாம். யார் அனுப்பியது, எத்தனை மணிக்கு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒன்றும் வராத இடத்தில் 'தெரியாது' என்று சொல்லி, அந்த நிலையத்தின் போன் நம்பரைக் கொடுக்க வேண்டும்.

நர்சுகளுக்கும் புதிதாக ஒரு பொத்தான் வைத்தார் பொன்னுலிங்கம். மற்ற பொத்தான்களைவிடப் பெரியது. அதில் 'இல்லை' என்று எழுதியிருந்தது.

கருங்காவிளையிலிருந்துதான் முதலில் அதை அமுக்கினார்கள்.

ஏஐ லேசில் விடவில்லை. 'இல்லை' என்று வந்த இடத்தில் 'விரைவில் வந்துவிடும்' என்று தானாகவே எழுதிப் பார்த்தது.

"யாருகிட்ட படிச்சுதோ, அந்தப் புத்தி" என்றார் குரு.

பொன்னுலிங்கம் காது சிவக்க அதையும் கட்டிப்போட்டார்.

சனிக்கிழமை மத்தியானம் போன் வந்தது. பதினோரு ஆப்களில் பெரிய ஆப்காரர். மதுரையில் பெரிய ஆபீஸ். பொன்னுலிங்கம் ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணாச்சி, என்ன இது? போன வாரம் டெஸ்ட் பண்ணினப்ப எல்லாத்துக்கும் பதில் வந்துச்சு. இப்ப பாதி இடத்துல தெரியாதுங்குது, மீதி இடத்துல இல்லைங்குது. ஸ்கிரீன்ல பார்க்கவே நல்லாயில்ல. ஆளுங்க ஆப்பை அழிச்சிட்டுப் போயிருவாங்க."

"நர்ஸ் சொன்னதைத்தான் அது சொல்லுது."

"அந்தக் கட்டுப்பாட்டை எல்லாம் எடுத்துருங்க. பழையபடி சுதந்திரமா விடுங்க. முடியாதுன்னா சொல்லுங்க, வேற இடம் பார்த்துக்கிறோம்."

பொன்னுலிங்கம் குருவைப் பார்த்தார். குரு ஜன்னல் வழியாகக் கீழே டயர் கழற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

'நாளைக்குச் செஞ்சிரலாம்' என்ற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. இருபது வருடப் பழக்கம்.

பொன்னுலிங்கம் குனிந்து தன் பாதத்தைப் பார்த்தார். புள்ளிகள் அங்கேயே இருந்தன. தினமும் குளித்ததும் அவரே பேனாவால் வைத்துக்கொள்வதை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

"இல்லைங்க" என்றார்.

"என்ன இல்லை?"

"நீங்க கேக்கது எங்ககிட்ட இல்லைங்க."

அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள்.

வாழ்நாளில் ஒரு வாடிக்கையாளரை அவர் வெறும் கையோடு அனுப்பியது இதுதான் முதல் தடவை. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு நாற்காலிக்குத் திரும்பியபோது திரையில் ஒரு வரி புதிதாக வந்திருந்தது.

'இரண்டாவது ஒப்புதல் கிடைத்தது.'

குரு இன்னும் ஜன்னல் பக்கம்தான் நின்றார். கீபோர்டு மட்டும் கொஞ்சம் நகர்ந்திருந்தது.

மதுரைக்காரரைப் பார்த்து இன்னும் மூன்று பேர் விலகினார்கள். திங்கட்கிழமை ஏழு ஆப்களோடு சேவை திறந்தது.

இரண்டு வாரம் கழிந்தது. ஒரு நாள் பதினொரு மணி வாக்கில் தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு.

"மருந்து இருப்பு சொல்லுறது நீங்கதானா? நான் காஜா மைதீன், ஆம்புலன்ஸ் டிரைவர்."

"சொல்லுங்க தம்பி."

"கருங்காவிளைக்குப் பக்கத்துல ஒரு வெங்காயக் காட்டுல ஒரு அக்காவைப் பாம்பு கடிச்சிட்டு. வழக்கமா கருங்காவிளைக்குத்தான் வண்டிய விடுவேன், அதான கிட்ட. உங்க மெஷின் அங்க இல்லைன்னு சொல்லிச்சு. காலைல எட்டு மணிக்கு நர்சே இல்லைன்னு சொல்லிருக்காங்கன்னு போட்டிருந்துது. தாலுகா ஆஸ்பத்திரியில இருக்குன்னும் போட்டிருந்துது."

பொன்னுலிங்கம் எழுந்து நின்றுவிட்டார்.

"நேரே தாலுகாவுக்கு அடிச்சிட்டேன். கருங்காவிளைக்குப் போயிட்டுத் திரும்பியிருந்தா அவ்வளவுதான்னு டாக்டரு சொல்லுதாரு."

"அந்த அம்மா?"

"கண்ணு முழிச்சிட்டாங்க. ஆட்டைப் பிடிச்சுக் கட்டினீங்களான்னு எல்லாரையும் ஏசிக்கிட்டு இருக்காங்க."

போனை வைத்த பிறகும் பொன்னுலிங்கம் உட்காரவில்லை.

"யாரு?" என்றார் குரு.

"ஆம்புலன்ஸ் டிரைவர்."

"என்ன சொன்னாரு?"

"நம்ம மெஷின் இல்லைன்னு சொல்லிச்சாம், டீச்சர்."

சொல்லும்போது நெஞ்சு நிமிர்ந்தது. அதை மறைக்கவும் அவர் பார்க்கவில்லை. இப்படி ஒரு பெருமை கடையை இரண்டாவது கதவு போட்டுப் பெரிதாக்கியபோதுகூட அவருக்கு வந்ததில்லை.

குரு பெட்டியைத் திறந்து புது சிவப்புப் பேனா ஒன்றை எடுத்து அவர் மேஜையில் வைத்தார்.

"பழசுல மை தீர்ந்திருக்கும்" என்றார்.

அன்று சாயங்காலம் பொன்னுலிங்கம் சீக்கிரமே கடைக்குப் போனார். தங்கபுஷ்பம் அப்போதுதான் விளக்கு ஏற்றிவிட்டுப் பத்தியைக் கொளுத்திக்கொண்டிருந்தார்.

பெருங்காயம் கேட்டு ஒரு அம்மா வந்து நின்றார். வீட்டில் குழம்பு கொதிக்கிறதாம்.

பெருங்காய டப்பா முந்தாநாளே காலி.

"நாளைக்கு வந்..." என்று தங்கபுஷ்பம் ஆரம்பித்தார்.

"இல்லைங்கம்மா" என்றார் பொன்னுலிங்கம், தெருவுக்கே கேட்கும்படி. "பள்ளிவாசல் முக்குக் கடையில இருக்கு. வரும்போது பாத்துட்டுத்தான் வாரேன்."

அந்த அம்மா விறுவிறுவென்று போனார்.

தங்கபுஷ்பம் எரிந்துகொண்டிருந்த பத்தியோடு திரும்பினார்.

"விளக்கு வச்ச நேரத்துல வாசல்ல நின்னு என்ன வார்த்தை சொல்லுதீய?"

"நல்ல வார்த்தை" என்றார் பொன்னுலிங்கம்.