ஒச்சாயி போட்ட சட்டம்

ஒரு ஊர்ல ஒரு ராஜா பெரிய ஏரி வெட்டச் சொன்னாராம். அங்க மண்ணு சுமக்கிறவங்கள்ல ஒச்சாயின்னு ஒருத்தி, கைக்குழந்தைக்காரி. மத்தியானம் கஞ்சி குடிக்க விடுவாங்கல்ல, அப்பதான் ஓடிப்போயி, மரத்தடித் தூளியில கிடக்கிற பிள்ளைக்குப் பாலு குடுப்பா.

அந்த நாட்டுல ஒரு வழக்கம். எந்தச் சட்டம்னாலும் சனங்களைக் கூட்டி, "சம்மதமா"ன்னு மூணு தரம் கேக்கணும். மந்திரி என்ன பண்ணுவான், ஒருத்தருக்கும் புரியாத அரண்மனைப் பேச்சுல சொல்லுவான். இவங்களும் "ஆகட்டும் சாமி, ஆகட்டும் சாமி, ஆகட்டும் சாமி"ன்னு தலையாட்டிட்டு வருவாங்க. அப்படி ஒருநாள் ஆட்டிட்டு வந்து பார்த்தா, இனி மத்தியான ஓய்வே கிடையாதுங்கிறான் மேஸ்திரி. "நீங்கதானே சம்மதிச்சீங்க"ங்கிறான். பிள்ளை அந்தப் பக்கம் வீல்வீல்னு கத்துது, இவ இந்தப் பக்கம் கூடையோட நிக்கிறா. பெத்த வயிறு பத்தி எரியாதா?

அப்பப் பார்த்து, சபையில ராஜா வர்றதைக் கூவிச் சொல்ற அரண்மனைக் கட்டியக்காரன் வடமலையைத் தொண்டை கட்டிப்போச்சுன்னு துரத்திவிட, அவனும் மண்ணு சுமக்க வந்தான். ஒச்சாயி விடல. "அண்ணே, அந்தப் பேச்சும் எழுத்தும் எங்களுக்குச் சொல்லித் தாங்க"ன்னா.

"வேலையை விட்டுட்டு எங்க தாயி படிக்கிறது?"

"வேலையை யாரு விடச் சொன்னா"ன்னா அவ.

வரிசையா நின்னு கூடையைக் கைமாத்துறப்பவே, கூடைக்கு ஒரு எழுத்துன்னு மண்ணு மேல விரலால எழுதி, அதையும் சேர்த்துக் கைமாத்தினாங்க. எழுத்து முடிஞ்சு வார்த்தை, வார்த்தை முடிஞ்சு சட்டம். 'ஞ' வந்தப்ப மட்டும் நாலு பேரு கால்ல கூடை விழுந்துச்சாம். ஏன் சிரிக்கிறே, நீ மட்டும் ஒழுங்கா எழுதினியாக்கும்?

அடுத்த சபை கூடுச்சு. "மண் சுமப்போர் இனி அவை புகலாகாது. சம்மதமா?"ன்னான் மந்திரி. அதாவது, சபைப் பக்கமே வராதேங்கிறான்.

"சம்மதமில்லை"ன்னா ஒச்சாயி. "சம்மதமில்லை"ன்னான் வடமலை. "சம்மதமில்லை"ன்னுச்சு மொத்தக் கூட்டமும். மந்திரி வாயைப் பொளந்தான்.

"சபையில நிக்கிற யாரும் சட்டம் சொல்லலாம்னு சட்டத்துலயே இருக்கே ராஜா"ன்னு, ஒச்சாயி அதே அரண்மனைப் பேச்சுல ஆரம்பிச்சா. "சட்டம் இயற்றுவோர் யாவரும் மண் சுமந்த பின்னரே இயற்றுக. சம்மதமா?"

சனங்க "ஆகட்டும்"னாங்க. விருந்து தின்னுட்டுக் கண்ணசந்திருந்த பிரபுக்களும் "ஆகட்டும்"னாங்க. மந்திரி ஒவ்வொருத்தரையா உலுக்குறான், "எந்திரிங்கய்யா"ங்கிறான், அதுக்கும் "ஆகட்டும்"கிறாங்க. அவன் ஒத்தைக் குரல் எடுபடுமா?

மறுநாள் மந்திரி தலையில மண்ணுக்கூடை. வெயிலு இன்னும் உச்சிக்கு வரல, அதுக்குள்ள பொத்துன்னு உக்காந்துட்டான். "மத்தியானம் எல்லாருக்கும் ஓய்வு வேணும்னு உடனே ஒரு சட்டம் போடணும், சம்மதமா"ன்னான். அவன் கேட்டு முடிக்கல, ஒச்சாயி பிள்ளைகிட்ட ஓடிட்டா.

உழைக்கிற சனம் படிச்சாத்தான் ஆளுறவனுக்குப் புத்தி வரும். கதை கரையேறியாச்சு, கண்ணை மூடுங்க.