புழுக்கத்துக்கு மருந்து தேடிப் போனவர்

நாகப்பட்டினத்துக்குத் தெற்கே, கடலோரத்தில் ஒரு சின்ன மடம். அதை நடத்தியவர் திலகவதி அம்மை. நாற்பது வயதைத் தாண்டியவர். அவருடைய சீடர்களில் மூத்தவர் குஞ்சிதபாதம். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். "சீடருக்கு வழுக்கை, குருவுக்குக் கருங்கூந்தல்" என்று ஊரில் கேலி பேசுவார்கள். அவர் அதைப் பொருட்படுத்தியதில்லை. மனைவி போன பிறகு, அவர் தொண்டையில் சோறு இறங்கியதே இந்த மடத்தில்தான்.

ஆண்டில் பத்து மாதம் அவர் நல்ல சீடர். சித்திரையும் வைகாசியும் வேறு ஆள்.

கடற்காற்று நின்று, உடம்பெல்லாம் பிசுபிசுவென்று ஒட்டத் தொடங்கியதும் அவர் சேர்த்துவைத்த ஞானம் வியர்வையோடு வடிந்துவிடும். எல்லோரும் கண்மூடி உட்கார்ந்திருக்க, அவர் மட்டும் பனியனைத் தூக்கி உள்ளே ஊதிக்கொண்டிருப்பார். மடத்தில் சமைக்கும் அந்தோணியம்மாளிடம் ஒருநாள் சண்டைக்கே போய்விட்டார்.

"இந்த வெக்கையில அடுப்பை ஏன் பத்த வெச்சே?"

"சோறு வேண்டாமா ஐயா?"

"வேண்டாம்!"

"அப்ப இலையை மடிச்சு வெச்சிடட்டுமா?"

அவர் இலை முன்னால் போய் உட்கார்ந்தார்.

அன்று சாயங்காலம் அம்மையிடம் கேட்டார்.

"அம்மா, இந்தப் புழுக்கத்தை ஜெயிக்க என்ன வழி?"

"எனக்குத் தெரியலையே. எனக்கும் புழுங்குது."

"உங்களுக்குமா?"

அம்மை திரும்பி முதுகைக் காட்டினார். ரவிக்கை தொப்பலாக நனைந்திருந்தது.

குஞ்சிதபாதத்துக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. இவ்வளவு பெரிய நாட்டில் இதற்கு வழி தெரிந்தவர் ஒருவர் கூடவா இருக்க மாட்டார்? கையில் ரயில்வே பாஸ் இருந்தது. ஊருக்கு ஊர் தெரிந்தவர்கள் இருந்தார்கள். "தேடிப் பார்த்துட்டு வரேன்" என்றார்.

"போயிட்டு வாங்க" என்றார் அம்மை.

வைகாசி நடுவில் ஒரு மத்தியானம் திரும்பி வந்தார். பாதியாக இளைத்திருந்தார். முதுகு முழுவதும் வேர்க்குரு. பெட்டியை வாசலிலேயே வைத்துவிட்டு அம்மை முன்னால் வந்து நின்றார்.

"எந்த ஊர்லயும் மருந்து இல்லம்மா. கொடைக்கானல்ல ஒரு அறை பேசிட்டேன். இனிமே அங்கதான். உத்தரவு வாங்கிட்டுப் போக வந்தேன்."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அம்மையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆனால் துக்கத்தைவிட வேர்க்குரு அதிகமாக அரித்தது.

"பஸ் எப்போ?"

"சாயங்காலம்."

"அதுவரைக்கும் சும்மாதானே இருப்பீங்க? போன கதையைச் சொல்லுங்க. நாங்க எங்க ஊர் ஊராப் போனோம்?"

கூடத்தில் இருந்தவர்கள் நெருங்கி உட்கார்ந்தார்கள். அந்தோணியம்மாள் கரண்டியோடு வந்து நிலைப்படியில் சாய்ந்துகொண்டாள். குஞ்சிதபாதம் வேண்டாவெறுப்பாகத் தொடங்கினார்.

"முதல்ல சென்னை. தம்பி மகன் வீடு. குடும்பம் மொத்தமும் ஒரே அறையில. ஏசி ஓடுது. கதவைத் திறந்தா கொலை விழும். பாத்ரூம் போக எழுந்தா, 'பெரியப்பா, சீக்கிரம் சாத்துங்க, குளிர் போயிடும்'னு கூச்சல். உள்ள மார்கழி, வெளிய அக்கினி நட்சத்திரம். ரெண்டுக்கும் நடுவுல நடந்து நடந்து எனக்குச் சளி பிடிச்சுடுச்சு."

"வெயில் காலத்துல சளியா?" என்றாள் அந்தோணியம்மாள்.

"மூக்கு ஒழுகுது, முதுகும் ஒழுகுது!"

யாரோ சிரித்தார்கள். அவர் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அடுத்தது விஜயவாடா. கூட வேலை பார்த்த சுப்பாராவ். சட்டைப் பையில வெங்காயம் வெச்சுக்கோ, வெக்கை அண்டாதுன்னார். வெச்சுக்கிட்டேன். வெக்கை அண்டாம இருந்துதோ என்னவோ, மனுஷன் ஒருத்தன் அண்டலை. நெரிசலான பஸ்ல என் பக்கத்து சீட்டு மட்டும் காலி!"

கூடம் அதிர்ந்தது. அவர் எழுந்து நின்றுவிட்டார்.

"நாக்பூர்லதான் மருந்து கிடைச்சுதுன்னு நெனச்சேன். வெட்டிவேர்த் தட்டி. ஜன்னல்ல கட்டித் தண்ணி தெளிச்சா அறையே சில்லுனு ஆயிடுது. கடைக்குப் போனேன். எனக்கு இந்தி தெரியாது, அவனுக்குத் தமிழ் தெரியாது. எனக்கு வேர்க்குதுன்னு இப்படிக் காட்டினேன். அவன் டாக்டர் வீட்டைக் காட்டுறான். ஜன்னல்னு இப்படிக் காட்டினேன். திருட வந்தவன்னு நெனச்சுப் பக்கத்துக் கடைக்காரனைக் கூப்பிடுறான்!"

கையை வீசி, முழங்காலை மடக்கி, ஜன்னலாகவும் கடைக்காரனாகவும் மாறி மாறி நடித்தார். அந்தோணியம்மாள் கரண்டியைக் கீழே போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"எப்படியோ வாங்கித் தோள்ல சுமந்துக்கிட்டு கல்கத்தா போய்ச் சேர்ந்தேன். அங்க பழைய சிநேகிதர் பானர்ஜி வீட்டு ஜன்னல்ல கட்டி, குடம் குடமாத் தண்ணி ஊத்தினேன். அது வறண்ட ஊரு வைத்தியம்னு யாருக்குத் தெரியும்? கல்கத்தாவில காத்தே நனைஞ்ச துணி மாதிரி இருக்கு. கொஞ்ச நேரத்துல அறை இட்லிப் பானை ஆயிடுச்சு. நானும் பானர்ஜியும் ரெண்டு இட்லி. அவர் சம்சாரம் கதவைத் திறந்து, ஆவிக்குள்ள புருஷனைத் தேடுறாங்க!"

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அவருக்கே சிரிப்புத் தாங்கவில்லை.

"தட்டியைத் தூக்கிப் போட்டுட்டுத் தெருவுக்கு வந்தா, முக்குல ஒரு கூட்டம். மண் குவளையில கொதிக்கிற டீ. வேர்வை ஊத்த ஊத்தக் குடிச்சுக்கிட்டுக் கால்பந்துக்காகச் சண்டை போடுறானுங்க. 'உங்களுக்குப் புழுங்கலையா'ன்னு பானர்ஜியை விட்டுக் கேட்டேன். 'அது இருக்கட்டும், நேத்து விழுந்தது கோலா இல்லையா, அதை முதல்ல சொல்லு'ங்கிறான் ஒருத்தன்!"

மூச்சு வாங்க நின்றார். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. காது நுனியிலிருந்து வியர்வை சொட்டியது. கழுத்தைத் துடைக்கத் துண்டை எடுத்தபோது தலை நிமிர்ந்தது.

உத்தரத்தில் ஃபேன் நின்றிருந்தது.

குஞ்சிதபாதம் கொஞ்ச நேரம் அதையே பார்த்தார்.

"கரண்டு எப்போ போச்சு?"

திலகவதி அம்மை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நீங்க நாக்பூர்ல ஜன்னலா நின்னுக்கிட்டிருந்தப்போ."