பவளக்கொடி வரிசையில் நின்ற நாள்

வெண்குன்ற நாட்டு அரசர் சேந்தவர்மருக்கு இளகிய மனம். எவ்வளவு இளகிய மனம் என்றால், தாம் செய்த நல்ல காரியத்தை நினைத்துத் தாமே கண்கலங்கிவிடுவார். அந்த வருஷம் அவர் கலங்குவதற்குக் கிடைத்தது 'தாய்ப்படி'. ஏழைக் கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் அரண்மனைப் பண்டகசாலையிலிருந்து கேழ்வரகு, பாசிப்பயறு, வெல்லம், ஒரு கிண்ணம் நெய். முரசறைந்து அறிவித்தார்கள். கல்லிலும் வெட்டி வைத்தார்கள். கொடுப்பது ஒன்றுதான் பாக்கி.

கொடுக்க வேண்டியவர் பண்டகசாலை அதிகாரி நாவலங்கிழார். மிகவும் நேர்மையானவர். யாராவது ஏமாற்றி வாங்கிவிடுவார்களோ என்ற கவலையில், யாருக்குமே கொடுக்காத அளவுக்கு நேர்மையானவர்.

ஒரு நாள் அரசவைக்குப் போகும் வழியில் குழகன் பண்டகசாலைப் பக்கமாக வந்தான். மன்னருக்குப் பேச்சுத்துணையாக இருப்பவன் அவன். மன்னர் கோபமாக இருக்கும்போதும் அவர் அருகே உட்காரத் துணிந்த ஒரே ஆள். பண்டகசாலைச் சுவரோரம் நிறைமாத வயிற்றோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். செங்கல் சூளையில் வேலை செய்யும் வடிவி. முகத்தில் ரத்தமே இல்லை. என்ன ஆயிற்று என்று விசாரித்தான்.

கர்ப்பம் என்பதற்குச் சான்று கேட்கிறார்களாம். வயிற்றைப் பார்த்தால் தெரியவில்லையா என்று இவள் கேட்டாளாம். வயிறு எனக்கும்தான் இருக்கிறது என்றாராம் கிழார். அதில் பொய் இல்லை. அவர் வயிறு அவருக்கு முன்பே பண்டகசாலை ஜன்னலுக்கு வந்துவிடும்.

"பிள்ளையைக் கொண்டுவந்து காட்டினால்தான் நம்புவாராம், ஐயா. பக்கத்துத் தெரு மருதி பெற்றெடுத்துக் கொண்டுபோய்க் காட்டினாள். இப்போது நீ கர்ப்பிணி இல்லையே என்று திருப்பி அனுப்பிவிட்டார்."

"குழந்தைக்கென்று தனியாக உண்டே, அம்மா?"

"அதைக் குழந்தையே நடந்துவந்து கேட்க வேண்டுமாம்." வடிவி மெல்ல எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டாள். "என் முதல் பிள்ளை உள்ளங்கை அளவுதான் இருந்தது, ஐயா. தங்கவில்லை. இதையாவது தங்க வைக்கலாம் என்றுதான் தினமும் வந்து நிற்கிறேன்."

குழகன் வேகமாக அரசவைக்குப் போனான். அங்கே மன்னர் கண்கலங்கியபடி நாவலங்கிழாருக்குப் பட்டுச் சால்வை போர்த்திக்கொண்டிருந்தார். தாய்ப்படி தொடங்கி இவ்வளவு நாளாகியும் ஒரு மணி தானியம்கூட வீண்போகவில்லையாம். பண்டகசாலை முதல்நாள் போலவே நிறைந்திருக்கிறதாம். பூரிப்பில் மன்னர் ஓர் ஆணையும் போட்டார். தாய்ப்படியை யார் குறை சொன்னாலும் நாடு கடத்தப்படுவார்.

திறந்த வாயை மூடிக்கொண்டான் குழகன். பிறகு பணிவாக ஒரு சந்தேகம் மட்டும் கேட்டான்.

"அரசே, கர்ப்பிணி என்றால் யாராக இருந்தாலும் கிழாரின் விதிதானே?"

"இதில் என்ன சந்தேகம்? என் அரண்மனையிலேயே இருந்தாலும் அதே விதிதான்" என்றார் மன்னர் பெருமையாக.

மறுநாள் காலை மன்னர் யானைக்கொட்டிலுக்குப் போனார். பட்டத்து யானை பவளக்கொடி கருவுற்றிருந்தாள். அவளுக்கு முதல் கவளத்தைத் தம் கையால் ஊட்டாமல் மன்னர் பல்கூட விளக்க மாட்டார். கொட்டில் காலியாக இருந்தது. அலறியடித்துத் தேடினால், பவளக்கொடி பண்டகசாலை வாசலில் நிற்கிறாள். ஒழுங்காக வரிசையில், வடிவிக்குப் பின்னால். அவளுக்குப் பின்னால் இன்னும் பல பெண்கள். ஜன்னலில் நாவலங்கிழார் வியர்த்துக்கொண்டிருந்தார்.

இவளுக்கு ஏன் இன்னும் கவளம் வரவில்லை என்று மன்னர் சீறினார்.

"கேட்டுப் பார்த்தோம், அரசே. கர்ப்பம் என்பதற்குச் சான்று வேண்டுமாம்" என்றான் குழகன்.

"பார்த்தால் தெரியவில்லையா?"

"யானைக்கு வயிறு எப்போதுமே பெரிதுதானே, அரசே."

மன்னர் கிழார் பக்கம் திரும்பினார். என்ன சான்று வேண்டும் என்றார். கிழார் தோளிலிருந்த சால்வையைத் தொட்டுப் பார்த்தார். விதியை மாற்றிச் சொன்னால் நேற்றுப் போர்த்திய சால்வை போய்விடும்.

"குட்டியைக் காட்ட வேண்டும், அரசே."

"குட்டி பிறந்த பிறகு கொடுப்பீரா?"

"பிறந்துவிட்டால் கர்ப்பிணி இல்லையே, அரசே."

"குட்டிக்கு?"

"அது தானே நடந்துவந்து கேட்டால் தரலாம்."

"அந்த விஷயத்தில் பவளக்கொடி கொடுத்துவைத்தவள்" என்றான் குழகன். "யானைக்குட்டி பிறந்த அன்றே நடந்துவிடும்."

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மன்னருக்கு முகம் சிவந்தது.

"வயிற்றுப்பிள்ளைக்குச் சோறு போடாமல் பிள்ளையைக் காட்டு என்றால் அவள் எதைக் காட்டுவாள்? இப்படி ஒரு கேடுகெட்ட ஏற்பாட்டை நான் கண்டதே இல்லை!"

குழகன் கைகூப்பி வணங்கிவிட்டு, பல்லக்குத் தூக்குபவர்களிடம் போய் ஏதோ சொன்னான். என்ன அது என்று மன்னர் அதட்டினார்.

"பல்லக்கைக் கொண்டுவரச் சொன்னேன், அரசே. தாய்ப்படியைக் குறை சொன்னவரை நாடு கடத்த வேண்டும் என்பது தங்கள் ஆணை. வடக்கு எல்லையா, தெற்கு எல்லையா?"

மன்னர் குழகனைப் பார்த்தார். யானையைப் பார்த்தார். யானைக்கு முன்னால், ஜன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் வடிவியை அப்போதுதான் பார்த்தார். எத்தனை நாளாக வருகிறாய், அம்மா என்று கேட்டார். எண்ணுவதை விட்டுவிட்டேன், சாமி என்றாள் அவள்.

மன்னர் தலை குனிந்தார். பிறகு பவளக்கொடியே திரும்பிப் பார்க்கும்படி ஒரு சிரிப்பு சிரித்தார். தம்மைப் பார்த்துத்தான். கதவைத் திறக்கச் சொன்னார். வரிசைப்படி முதலில் வடிவிக்கு, அப்புறம்தான் யானைக்கு. வடிவியின் மூட்டையைத் தலையில் சுமந்து அவள் வீடுவரை கொண்டுபோக வேண்டியவர் நாவலங்கிழார். இனி ஒவ்வொரு மூட்டைக்கும் அதே விதி. கிழாரின் பட்டுச் சால்வையைக் குழகனுக்குப் போர்த்தினார். அவன் அதை வடிவியிடம் கொடுத்துவிட்டான். தூளி கட்ட ஆகும்.

"என் பயணம் என்ன ஆயிற்று, குழகா?" என்றார் மன்னர்.

"நடக்காது போலிருக்கிறது, அரசே. வழிக்குக் கட்டுச்சோறு கேட்டேன். எல்லையைத் தாண்டிவிட்டீர்கள் என்பதற்குச் சான்று கொண்டுவந்தால்தான் தருவார்களாம்."