கொளஞ்சிக்குப் பதிலாகக் கொளஞ்சி

விருத்தாசலத்துப் பக்கம் ஒரு ஊர். பேர் வேண்டாம், சொன்னால் பெருமை என்று நினைத்து போஸ்டர் ஒட்டிவிடுவார்கள். அங்கே கல்யாணமோ கருமாதியோ, பந்தல் போடுகிற கூட்டாளிகள் நாலு பேர். மேஸ்திரி தெய்வசிகாமணி, டீக்கடையில் பேப்பரின் தலைப்பை மட்டும் படித்துவிட்டு மீதியைத் தானே சொல்லிவிடுகிற அறிவாளி. அஞ்சாப்புலி ஒற்றை ஆளாகச் சவுக்குக் கம்பம் தூக்கி நடுவான். மண்ணாங்கட்டி எதற்கும் ஆமாம் போடுவான். நாலாவது ஆள் கொளஞ்சி, கம்பத்தில் ஏறிக் கயிறு கட்டுகிறவன்.

இந்தக் கொளஞ்சிக்குத்தான் நெஞ்சு வலி வந்தது. பாதிக் கம்பம் ஏறியதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பல்லி மாதிரி அங்கேயே ஒட்டிக்கொள்வான். கீழே நின்ற மூவரும் அவன் ஏதோ யோசிக்கிறான் என்று நினைத்தார்கள். பிறந்ததிலிருந்து யோசிக்காதவன் கம்பத்தின் மேல் போய் ஏன் யோசிக்கிறான் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

அவன் மனைவி செந்தாமரை மட்டும் அவனை டவுன் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். அவர் எழுதிக் கொடுத்த டெஸ்டுகளுக்குக் காசு இல்லை. இன்சூரன்ஸாவது போட்டு வைக்கலாம் என்று ஒரு ஏஜெண்டை வரவழைத்தாள். கொளஞ்சி நெஞ்சைத் தடவிக்கொண்டு வந்து உட்கார்ந்ததுமே ஏஜெண்ட் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். போகிற போக்கில் வாசலில் நின்ற அஞ்சாப்புலியின் தோளைத் தட்டி, "நீங்க வேணா போட்டுக்குங்க சார்" என்றார்.

அந்த வாரமே ஒரு ஆட்டோ ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வந்தது. கல்யாண மண்டபத்தில் இலவச இருதயப் பரிசோதனை. காப்பீடு இல்லாதவர்களும் வரலாம். காலையில் சாப்பிடாமல் வரவும். துணைக்கு ஒருவர் மட்டும் வரவும். மேல்சிகிச்சை தேவைப்பட்டால் அதுவும் இலவசம்.

செந்தாமரை சந்தோஷத்தில் அழுதே விட்டாள். "அண்ணே, எனக்கு களை வெட்டுற வேலை இருக்கு. இவரக் கூட்டிக்கிட்டுப் போயி காட்டிடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்" என்று மேஸ்திரியிடம் ஒப்படைத்தாள். அவள் செய்த முதல் முட்டாள்தனம் அது.

நாலு பேரும் கூடி உட்கார்ந்தார்கள்.

"இவன அனுப்புனா காரியம் கெட்டுடும்" என்றார் மேஸ்திரி.

"ஏண்ணே?" என்றான் கொளஞ்சி.

"இன்சூரன்ஸ்காரன் யாரத் தட்டிக் குடுத்தான்? அஞ்சாப்புலிய. ஒன்னப் பாத்து ஓடுனான். காசு வாங்குறவனே அப்புடி ஓடுறான்னா, காசு வாங்காதவன் எம்மாந்தூரம் ஓடுவான்?"

சொல்லக் கூச்சமாக இருக்கிறது, அந்தக் கணக்கு எனக்கும் சரியாகத்தான் பட்டது.

"ஆமாண்ணே, ஓடுவான்" என்றான் மண்ணாங்கட்டி.

ஆக, கொளஞ்சி பேரில் அஞ்சாப்புலி போவது என்று முடிவாயிற்று. அடுத்த சிக்கல், யார் சாப்பிடாமல் வருவது?

"பேரு யாரு பேரு?" என்றார் மேஸ்திரி.

"எம் பேரு" என்றான் கொளஞ்சி.

"அப்ப நீதான் பட்டினி."

ஞாயிற்றுக்கிழமை காலை அஞ்சாப்புலி பார்வைக்குத் தெம்பாக இருக்கவேண்டும் என்று இட்லியும் பொங்கலும் வயிறு முட்டத் தின்றான். எதிரே உட்கார்ந்து கொளஞ்சி எச்சில் விழுங்கினான். துணைக்கு ஒருவர்தான் என்பதால் மேஸ்திரி உள்ளே போக, கொளஞ்சியும் மண்ணாங்கட்டியும் சைக்கிள் ஸ்டாண்டில் குந்தினார்கள்.

உள்ளே எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. கொளஞ்சி என்று பேர் எழுதினார்கள். எக்ஸ்ரே எடுக்கிற பையன் அஞ்சாப்புலியை நிறுத்தி, "மூச்ச நல்லா இழுத்துப் புடிங்க, சொன்னப்புறம் விடுங்க" என்றான். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று. பையன் ஜெனரேட்டரைப் பார்க்க வெளியே ஓடினான்.

அஞ்சாப்புலி பிடித்த பிடியை விடவில்லை. முகம் சிவந்து, பிறகு கறுத்தது.

மேஸ்திரி காதோரம் போய், "விட்டுடாதடா, இன்னும் சொல்லல" என்று தைரியம் கொடுத்தார்.

வெட்டிய மரம் மாதிரி விழுந்தான். டாக்டர் ஓடி வந்தார், நாடி பிடித்தார், பதறினார். என்ன நடந்தது என்று கேட்க அவருக்கும் தோன்றவில்லை, படித்தவர் அல்லவா. "கொளஞ்சி, உடனே அட்மிட், முழுச் செலவும் இலவசம்" என்று கிறுக்கி ஆம்புலன்ஸை வரச்சொன்னார். அது வாசலுக்கு வருவதற்குள் அஞ்சாப்புலி எழுந்து டிபன் உண்டா என்று விசாரித்துக்கொண்டிருந்தான்.

மனசு கேட்காமல் வயலிலிருந்து ஓடி வந்த செந்தாமரை மேஸ்திரி கையிலிருந்த சீட்டை வாங்கிப் பார்த்தாள். புருஷன் பேர். சைக்கிள் ஸ்டாண்டில் கிடந்தவனை இழுத்து வந்து ஆம்புலன்ஸில் ஏற்றினாள்.

மேஸ்திரி குறுக்கே விழுந்தார். "தங்கச்சி, இது ஆள் மாறாட்டம்! உள்ள போன கொளஞ்சி வேற, இந்தக் கொளஞ்சி வேற. புடிச்சா உள்ள தள்ளிடுவானுவ."

"தள்ளட்டும். ஆஸ்பத்திரிக்கு உள்ளதான தள்ளுவானுவ?" என்று அவரையும் சேர்த்து வண்டிக்குள் தள்ளினாள்.

வழி நெடுக மேஸ்திரி பாடம் நடத்தினார். "யாரு கேட்டாலும் கொளஞ்சின்னு சொல்லு. பதறாத. அஞ்சாப்புலி எவ்வளவு இயல்பா சொன்னான் தெரியுமா?"

கொளஞ்சி தன் பேரைச் சொல்லிச் சொல்லிப் பழகினான். ஆனால் பெரிய ஆஸ்பத்திரியில் நர்சம்மா பேர் கேட்டதும் அவன் மனசாட்சி உறுத்தியது.

"பொய் சொல்ல வாய் வரலம்மா. கொளஞ்சியா வந்தவன் அஞ்சாப்புலி. அவனுக்குப் பதிலா வந்துருக்குற கொளஞ்சி நான்."

நர்சம்மா அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நெஞ்சோடு மண்டையையும் ஒரு ஸ்கேன் எடுக்க எழுதிவைத்தாள். மண்டையில் ஒன்றும் இல்லை என்று வந்தது. நெஞ்சில் இருந்தது. ரத்தக் குழாய் ஒன்று முக்கால்வாசி அடைத்துக் கிடந்தது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் கம்பத்திலேயே உயிர் போயிருக்கும் என்றார் டாக்டர். அன்றைக்கே குழாயைத் திறந்துவிட்டார்கள், காசு வாங்காமல். செந்தாமரை அந்த டாக்டரின் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். நானாக இருந்தாலும் கும்பிட்டிருப்பேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் மேஸ்திரியிடம் சொன்னார்: "நோயாளிய ஒரு மாசம் கம்பம் ஏற விடாதீங்க. உப்பக் கொறைங்க. நல்லாத் தூங்கட்டும்."

மறுநாள் வேலைக்குக் கிளம்பிய செந்தாமரை, "டாக்டர் சொன்னபடி பாத்துக்குங்கண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனாள். மனுஷி பாவம், பட்டும் திருந்தவில்லை.

நாலு பேரும் மறுபடி கூடினார்கள்.

"மயங்கி வுழுந்தவன் யாரு?" என்றார் மேஸ்திரி.

"நான்தாண்ணே" என்றான் அஞ்சாப்புலி.

"வைத்தியம் யாருக்கு ஆச்சு?"

"எனக்கு" என்றான் கொளஞ்சி.

"வைத்தியம் ஆனவனுக்குக் கொணமாயிடுச்சு. ஆவாதவன் பாடுதான் திண்டாட்டம். அவன்தான் நோயாளி."

மண்ணாங்கட்டிக்குக் கண் கலங்கிவிட்டது.

சாயங்காலம் செந்தாமரை திரும்பி வந்தாள். தெருமுனையில் காதுகுத்துக்குப் பந்தல் எழும்பிக்கொண்டிருந்தது. கீழே கட்டிலில் அஞ்சாப்புலி போர்த்திக்கொண்டு படுத்திருக்க, பக்கத்தில் உப்பில்லாக் கஞ்சி. மண்ணாங்கட்டி விசிறிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தால், கம்பத்தின் உச்சியில் கொளஞ்சி.

"ஐயோ, எறங்குய்யா கீழ!" என்று அலறினாள்.

மேலேயிருந்து கொளஞ்சி உதட்டில் விரல் வைத்தான்.

"கத்தாத செந்தாமர. நெஞ்சுவலிக்காரன் இப்பத்தான் கண்ணசந்தான்."