மேல் கட்டில் வேலை

குழந்தைவேல் சாமிக்கு மடம் கிடையாது. ஒரு ஜீப், அதன் பின்னால் இழுபடும் ஒரு கேரவன், அவ்வளவுதான். ஊர் ஊராகப் போவார், ஏதாவது தோப்பில் நிறுத்துவார், வருகிறவர்களோடு பேசுவார், பிறகு கிளம்பிவிடுவார். கேரவனின் பின்பக்கம் ஒரு அடுக்குக் கட்டில் இருந்தது. கீழே சாமி படுப்பார், மேலே சீடர் பொன்னுரங்கம்.

சாமிக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. பொன்னுரங்கம் அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். அதனால் குரு சீடரை அண்ணா என்பார், சீடர் குருவைச் சாமி என்பார். பார்க்கிறவர்களுக்கு இதில் யாருக்கு யார் குரு என்று குழப்பம் வரும். அவர்களுக்கு ஒரு குழப்பமும் இல்லை.

பொன்னுரங்கம் கரூரில் பஸ்ஸுக்கு பாடி கட்டிய ஆள். மனைவி தவறிய பிறகு வீட்டில் அவரும் ஒரே மகள் பூங்கோதையும்தான். அவள் அவர் பேச்சைக் கேட்காமல் தன் இஷ்டத்துக்கு ஒருவனைக் கட்டிக்கொண்டாள். அன்றைக்கே வீட்டைப் பூட்டினார். இனி அவள் முகத்தில் முழிப்பதில்லை, இந்த வீட்டுப் பூட்டைத் தொடுவதில்லை என்று சாமியின் காலைத் தொட்டுச் சத்தியம் செய்துவிட்டு வண்டியில் ஏறிவிட்டார். நாலு வருஷம் ஓடிப்போனது.

வண்டி காங்கேயம் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் நின்றிருந்தபோது பூங்கோதை போன் செய்தாள். தலைப்பிரசவம். திருப்பூரில் ஒற்றை அறை, மாமியார் உயிரோடு இல்லை, புருஷனுக்கு பனியன் கம்பெனியில் ஷிப்டு. எல்லாப் பெண்களும் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகிறார்கள், எனக்கும் ஒரு வீடு இருக்கிறது, அது பூட்டிக் கிடக்கிறது, நீங்கள் வந்து திறந்தால் போதும் என்றாள். பொன்னுரங்கம் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. இங்கே ஒரு வேலை இருக்கிறது, முடித்துவிட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார்.

உண்மையில் அப்படி ஒரு வேலையும் இல்லை. வாய்விட்டுச் சொல்லிவிட்டோமே என்று அடுத்த நாள் காலையில் ஒன்றைக் கண்டுபிடித்தார். மேல் கட்டிலுக்கும் கூரைக்கும் நடுவில் நிமிர்ந்து உட்கார இடமில்லை, கட்டிலைக் கொஞ்சம் இறக்கிப் போடலாமா என்று சாமியிடம் கேட்டார். தாராளமாகச் செய்யச் சொல்லிவிட்டு, சாமி பாயைச் சுருட்டிக்கொண்டு தலையில் தேங்காய் விழாத இடமாகப் பார்த்துப் போய்விட்டார்.

தொழில் தெரிந்த கை. கட்டில் இறங்கியது. இறங்கியதும் கீழே படுப்பவருக்குத் தலை இடித்தது. கீழ்க் கட்டிலையும் இறக்கினார். அதற்கு அடியிலிருந்த பெட்டிகளுக்கு இடமில்லாமல் போகவே, பக்கவாட்டில் ஒரு அலமாரி அடித்தார். அலமாரி ஏணியை மறைத்தது. ஏணியைப் பிடுங்கி இந்தப் பக்கம் வைத்தார். அப்புறம் தூக்கத்தில் உருண்டு விழாமலிருக்க ஒரு தடுப்பு. ஒவ்வொன்று முடிந்ததும் சாமி வந்து பார்த்து, அருமையாக இருக்கிறது என்பார். பொன்னுரங்கம் ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஓரத்தைப் பார்த்துவிட்டு, இன்னும் ஒரே ஒரு குறை இருக்கிறது சாமி என்பார். தோப்புக்காரருக்கே சலித்துவிட்டது. கல்யாண மண்டபம் கட்டுகிறவன்கூட இப்படி இழுக்க மாட்டான் என்று முணுமுணுத்துவிட்டுப் போனார்.

பூங்கோதை மறுபடி பேசினாள். இந்த வாரம் தாண்டிவிட்டால் பயணம் கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். வேலை முடிந்துவிட்டதா அப்பா என்று கேட்டாள். இன்னும் கொஞ்சம்தான் பாக்கி என்றார். அவள் அழவில்லை, சரி என்று மட்டும் சொன்னாள். அதுதான் அவரைப் போட்டு வாட்டியது. அழுதிருந்தால் திட்டவாவது செய்திருக்கலாம்.

அன்று மத்தியானம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். வாயில் வைக்கவில்லை.

"சாமி, ஒரு வேலை முடிஞ்சுதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?"

"எந்த வேலைங்கண்ணா?"

"பொதுவாத்தான் கேட்டேன்."

சாமி மோரை ஊற்றிக்கொண்டார்.

மறுநாள் பொன்னுரங்கத்துக்கு ஒரு யோசனை வந்தது. மேல் கட்டிலைச் சுவரோடு மடக்கி வைக்கிற மாதிரி மாற்றிவிட்டால் எல்லாக் குறையும் தீர்ந்துவிடும். கீல் வாங்கக் காங்கேயத்துக்கு பஸ் ஏறினார். திரும்பி வந்தபோது தோப்பெல்லாம் பலகை கிடந்தது. கேரவனுக்குள் எட்டிப் பார்த்தார். மேல் கட்டில் இல்லை. ஏணி இல்லை, தடுப்பும் இல்லை. கையில் ஸ்பேனரோடு சாமி வியர்த்து விறுவிறுத்து நின்றார். பழக்கமில்லாத கை, இரண்டு விரலில் தோல் உரிந்திருந்தது.

பொன்னுரங்கத்துக்குக் கோபம் தலைக்கேறியது. நாலு வருஷத்தில் குருவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவர் அன்று பேசினார். ஒவ்வொரு போல்ட்டும் அளந்து போட்டது, ஒரு மாத உழைப்பு, இப்படியா பிய்த்துப் போடுவீர்கள் என்று கத்தினார். சாமி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கத்திக் கத்தி ஓய்ந்த பிறகுதான் பொன்னுரங்கம் சுவரில் வெறும் போல்ட் துளைகளைப் பார்த்தார்.

"இனி நான் எங்கே படுக்கறது சாமி?"

"அதை எப்பக் கேப்பீங்கன்னுதான் காத்துக்கிட்டிருந்தேன்."

பொன்னுரங்கம் கேரவன் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"உங்களுக்கு எல்லாம் தெரியுமா?"

"இந்த வண்டிக்குள்ள ரகசியம் பேச ஏதுங்கண்ணா இடம்? அந்தப் புள்ள பேசினது எனக்கும்தான் கேட்டுச்சு."

"அப்பவே போன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா எனக்காகப் போயிருப்பீங்க."

அதற்குமேல் அவரால் அடக்க முடியவில்லை. துண்டில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அழுது முடித்ததும் பாதிப் பாரம் இறங்கியிருந்தது. போனை எடுத்தார். வேலை முடிந்துவிட்டதம்மா, நான் போய் வீட்டைத் திறக்கிறேன், மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு காரில் பத்திரமாக வா என்றார். மாப்பிள்ளை என்ற சொல் முதல் தடவையாக அவர் வாயில் வந்தது. இந்த முறை பூங்கோதை அழுதாள்.

பையை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். சாமிக்கு இனி யார் சமைப்பது என்று கவலைப்பட்டார். நீங்கள் போடும் உப்பிலிருந்து என் நாக்குக்கும் விடுதலை கிடைக்கட்டும் என்று சாமி சிரித்தார். இருவரும் ரோட்டுக்கு நடந்தார்கள். தூரத்தில் கரூர் பஸ் வருவது தெரிந்தது. பொன்னுரங்கத்தின் கால் நின்றுவிட்டது. ஒரு மாதமாக உள்ளே குத்திக்கொண்டிருந்ததை அப்போதுதான் வாய்விட்டுச் சொன்னார்.

"அந்தப் பூட்டைத் தொட மாட்டேன்னு உங்க காலைத் தொட்டுச் சத்தியம் பண்ணிக் குடுத்தனே சாமி. அதுக்கு என்ன பண்றது?"

சாமி கையை நீட்டி பஸ்ஸை நிறுத்தினார்.

"அதுங்களாண்ணா? அதை நான் அன்னிக்கே தொலைச்சுப்போட்டனுங்க."